கென்னபெக் ஆற்றங்கரை மருத்துவச்சி: மார்த்தா பாலார்டின் தொழிலும் வீடும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றின் இரு கரைகளிலும் பரவிக் கிடந்த ஊர் ஹாலோவெல். அந்த ஊரில் ஐம்பது வயதை எட்டவிருந்த மார்த்தா பாலார்ட் என்ற மருத்துவச்சி 1785 ஜனவரி 1 அன்று நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1812 மே 7 வரை எழுதினார். மொத்தம் 9,965 பதிவுகள். அவற்றில் 816 பிரசவங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் எழுதத் தொடங்கியபோது மெய்ன் தனி மாநிலம் அல்ல. மாசசூசெட்ஸின் எல்லைப்புறக் காட்டுப்பகுதி.

மார்த்தாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கைராசியைத்தான் பேசுகிறார்கள். அது மெய்தான், எண்களே சாட்சி, அவற்றைப் பின்னர் பார்ப்போம். இந்த ஆய்வு வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடுச்சாமத்தில் யாரோ வந்து கதவைத் தட்டினால், ஒரு குடியானவ வீட்டின் தலைவி போட்டது போட்டபடி எழுந்து போகிறார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறார். அந்த இரண்டு நாளும் பால் கறந்தது யார்? ரொட்டி சுட்டது யார்? ராட்டையில் பாதியில் நின்ற நூலை இழுத்தது யார்? ஊருக்கெல்லாம் ஓடிய கால்களின் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் நின்ற கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் துணிபு.

குடும்பம்

மார்த்தா 1735இல் மாசசூசெட்ஸின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் மூர் குடும்பத்தில் பிறந்தார். 1754இல் எஃப்ரேம் பாலார்டை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். 1769 கோடையில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஆக்ஸ்ஃபோர்டைப் பிடித்தாட்டியது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள், மூன்று வாரம்கூட ஆகாத காலத்தில், மூன்று பெண்பிள்ளைகளை அடுத்தடுத்துப் புதைத்தார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. அப்போது மார்த்தா நிறைமாதக் கர்ப்பிணி. ஆகஸ்டில் ஹன்னா பிறந்தாள். பல ஆண்டுகள் கழிந்தும் அந்த நாட்கள் வரும்போது, இன்றோடு இத்தனை வருடம் என்று நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார். மேற்கொண்டு ஒரு சொல் இல்லை. அடுத்த வரியில் தோட்ட வேலை தொடங்கிவிடுகிறது.

எஃப்ரேம் மரமறுக்கும் ஆலையும் மாவரைக்கும் ஆலையும் நடத்தியவர், நில அளவையாளரும்கூட. முதலில் அவர் மட்டும் கென்னபெக்குக்குப் போய் இடம் பார்த்தார். 1777இல் மார்த்தா பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்த மண்ணில் முதல் பிரசவம் பார்த்தார். அவர்கள் குடியிருந்தது குத்தகை ஆலையை ஒட்டிய வீடு. 1791இல் அதை விட்டு வேறொரு பண்ணைக்கு மாறினார்கள். 1799இல் மகன் ஜோனதனின் நிலத்துக்குப் போனார்கள். நாட்டில் பாதியை அளந்து கல் நட்ட மனிதர், தனக்கென்று ஓரிடத்தில் நிலைத்து உட்காரவில்லை.

வீட்டுக்கு வெளியே ஆற்றின் ஆட்சி. குளிர்காலத்தில் ஆறு கெட்டியாக உறைந்துவிடும். மக்கள் அதன்மேல் நடந்தும் சறுக்குவண்டியிலும் கடப்பார்கள். கோடையில் தோணி. பனி உருகும் ஏப்ரலிலும் உறையத் தொடங்கும் காலத்திலும்தான் ஆபத்து: காலை வைத்தால் உள்ளே போகும், தோணியும் விட முடியாது. பிள்ளை பிறக்கும் நேரம் ஆற்றைக் கேட்டு வருவதில்லை.

1787 ஆகஸ்ட்

ஒரு மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலே அவருடைய வேலையின் அளவு புரிந்துவிடும். 1787 ஆகஸ்ட் 3 முதல் 24 வரை ஊரில் செங்காய்ச்சல் தொண்டைப்புண்ணோடு பரவியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் மார்த்தா நான்கு பிரசவம் பார்த்தார். பொய்வலிக்கு ஒரு முறை போய்த் திரும்பினார். நோயாளிகளைப் பார்க்கப் பதினாறு முறை போனார். மூன்று பிணங்களைக் கழுவி, உடுத்தி, அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தார். ஒருவருக்கு மாத்திரை கொடுத்தார், இன்னொருவருக்கு மூலிகை பறித்துப் பக்குவம் செய்தார். கணவரின் தொண்டைவலிக்கும் அவரே வைத்தியம் பார்த்தார். மருத்துவச்சி, செவிலி, மூலிகை வைத்தியர், சாவு வீட்டில் முதல் ஆள், எல்லாம் ஒரே பெண். இவற்றைத் தனித்தனித் தொழில்களாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குத்தான் உண்டு. ஹாலோவெல்லில் அப்படிப் பிரிக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் கிளேட்டன் வீட்டுச் சம்பவம். அந்த வீட்டுப் பெண் ஆகஸ்ட் முதல் வாரத்தில் மார்த்தா கையில் பிள்ளை பெற்றவள். 20ஆம் தேதி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தபோது, குழந்தை முந்தின நாளே இறந்துவிட்டது, தாயும் பிழைக்கமாட்டாள் என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போகிறார். பிற்பகல் ஒரு மணி அளவில் அவளும் போய்விடுகிறாள். உடலைக் கிடத்தி, குழந்தையை அவள் கைகளில் வைக்கிறார்கள். இப்படி ஒன்றை இதுவரை கண்டதில்லை என்றும், தன் கையில் பெற்றவர்களில் பேறுகாலப் படுக்கையில் இறந்த முதல் பெண் இவள்தான் என்றும் மார்த்தா எழுதுகிறார். அந்திக்கு வீடு திரும்பியதையும் குறிக்கிறார்.

அந்த வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. துக்கம் எழுதும் இடத்தில் அவர் கணக்கும் எழுதுகிறார். முதல் பெண் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் பெற்ற அத்தனை பேரையும் அவர் மனதில் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நாட்குறிப்பு தொடங்குவதற்கு முன்பே 177 பிரசவம் பார்த்திருந்தார் என்பது அவருடைய சொந்தக் கணக்கு.

அழைப்பு வந்தால்

1789 ஏப்ரல் 24. கொட்டும் மழை, புயல்காற்று. ஹியுவின்ஸ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. கடல்போல் அலையடித்த ஆற்றை அவர்களுடைய படகில் கடந்தார். வழியில் ஒரு ஓடை. அதில் மிதந்து வந்த மரக்கட்டைகளின்மேல் கால் வைத்துத் தாண்டினார். பிறகு குதிரை. பாதையில் ஒரு பெரிய மரம் அவர் கண்முன்னே வேரோடு சாய்ந்தது. குதிரை மிரண்டு பின்வாங்கியதால் உயிர் தப்பினார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் துணையோடு சாய்ந்த மரத்தைக் கடந்து போனால் இன்னொரு ஓடை. பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஹியுவின்ஸ் கடிவாளத்தைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கிக் குதிரையை நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு கண்டத்தையும் தாண்டும்போது கடவுளுக்கு நன்றி எழுதுகிறார் மார்த்தா. இரவு பத்து மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாய் நலம். அப்போது மருத்துவச்சிக்கு வயது 54.

பிரசவ வீட்டில் அவர் தனியாள் அல்ல. வலி முற்றும்போது அக்கம்பக்கத்துப் பெண்களை வரவழைப்பார்கள். நாலைந்து பேர் சூழ்ந்திருந்து, தாயைத் தாங்கிப் பிடித்து, மாறிமாறி உதவுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். தாயைப் பார்த்துக்கொள்ள வேறொரு பெண் வந்து தங்குவாள். அதன் பிறகே மருத்துவச்சி வீடு திரும்புவார். பெரும்பாலான பிரசவங்களில் மார்த்தா செய்தது காத்திருந்ததுதான். காத்திருக்கத் தெரிவது ஒரு வித்தை. அவசரப்படுத்தாமல், தேவையில்லாமல் கை வைக்காமல் இருக்க வேண்டும். கை வைக்க வேண்டிய நேரத்தைத் தவறவும் விடக்கூடாது.

கூலி வழக்கமாக ஆறு ஷில்லிங். சொத்து மதிப்பிடப் போனால் எஃப்ரேமுக்கு ஒரு நாளில் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். பணமாகக் கிடைப்பது குறைவு. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோதுமை, துணி, காப்பிக்கொட்டை, சர்க்கரை என்று எது வீட்டில் இருக்கிறதோ அது வரும். கூலி வந்து சேர்ந்ததும் பதிவின் ஓரத்தில் இரண்டு பெருக்கல் குறி போட்டுவிடுவார்.

சட்டமும் அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது. மணமாகாத பெண் பிள்ளை பெற்றால், வலியின் உச்சத்தில் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்தப் பதிலைக் காட்டி அந்தப் பெண் வழக்குத் தொடுத்துப் பிள்ளைக்குச் செலவு கேட்கலாம். 1791 அக்டோபரில் சாலி பியர்ஸுக்குப் பிரசவம் பார்க்கப் போன மார்த்தா அந்தக் கேள்வியைக் கேட்டார். சாலி சொன்ன பெயர் ஜோனதன், மார்த்தாவின் மகன். மற்றவர்களுடையதை எழுதியது போலவே அதையும் எழுதிவைத்தார். சில மாதங்களில், 1792 பிப்ரவரியில், ஜோனதன் சாலியை மணந்தான். மகன் பெயரைத் தன் கையாலேயே பதிந்த அந்தத் தாயின் நேர்மையின்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

ஆளிநாரும் தறியும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1785இல் வீட்டில் ஹன்னாவுக்குப் பதினைந்து வயது, டாலிக்குப் பன்னிரண்டு. பின்னர் மார்த்தாவின் தங்கை மகள் பார்த்தீனியாவும் வந்து தங்கினாள். இவர்களுடைய உழைப்பு நாட்குறிப்பில் நாள்தோறும் வருகிறது. நிலத்தில் லினன் துணிக்கு நார் தரும் ஆளிச் செடியை விதைத்து, களை எடுத்து, பிடுங்கி, ஊறப்போட்டுக் காயவைத்து, தண்டை நொறுக்கி, நாரை ஆணிச்சீப்பில் சீவி எடுக்க வேண்டும். தண்டை நொறுக்குவது ஆண்களின் வேலை. சீவுவது, நூற்பது, நெய்வது பெண்களின் வேலை. முதலில் வீட்டில் நூற்ற நூலை அக்கம்பக்கத்தில் கொடுத்து நெய்து வாங்கினார்கள். 1787இல் வீட்டுக்கே தறி வந்தது. பெண்கள் நெசவு கற்றார்கள். படுக்கை விரிப்பு, கட்டம் போட்ட துணி, கம்பளி என்று நெய்து தள்ளினார்கள். பண்டமாற்றுக்கும் கொடுத்தார்கள். நெய்யத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் இங்கே வந்து உதவ, இங்கிருந்து ஒருத்தி அங்கே போய் நூற்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கல் எஃப்ரேமின் கணக்கில் சேராதது. பெண்கள் தங்களுக்குள்ளேயே நடத்திய தனி வரவுசெலவு அது.

மார்த்தா தோட்டத்தையும் விடவில்லை. முட்டைக்கோசு, பூசணி, பீன்ஸ், வெள்ளரி, கூடவே மருந்துக்குச் சாமந்தி இனப் பூக்கள், மணச்செடிகள். வான்கோழிகளை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கவும் செய்தார். ஆயினும், அழைப்பு வந்தால் அவரால் உடனே புறப்பட முடிந்ததற்குக் காரணம் அந்தப் பெண்கள். அவருடைய தொழில் நன்றாக ஓடிய ஆண்டுகளும் பெண்பிள்ளைகள் வீட்டில் தறியோடு நின்ற ஆண்டுகளும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. 1990இல் இந்த நாட்குறிப்பை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிக் இந்தத் தொடர்பைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். அந்த ஆய்வுக்கு 1991இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பெண்பிள்ளைகள் எத்தனை நாளுக்கு? 1792 இலையுதிர்காலத்தில் ஹன்னாவும் பார்த்தீனியாவும் அடுத்தடுத்து மணமாகிப் போனார்கள். 1795இல் டாலியும் போய்விட்டாள். அதன்பின் கூலிக்கு வைத்த பெண்கள் நிலைக்கவில்லை. சிலரோடு சண்டை, சிலர் சொல்லாமல் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒருநாள் எழுதுகிறார்: வீட்டு வேலை முழுவதையும் செய்தேன், பசுவுக்கு மடி பயங்கரமாக வீங்கியிருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்த்தேன், பிறகு உட்கார்ந்து பின்னினேன். அறுபது வயதில், தானே சமைத்து, தானே கறந்து, மாட்டுக்கு மருத்துவம் பார்த்து, மறுபடி ஆற்றைக் கடந்து பிரசவத்துக்குப் போக வேண்டும்.

எண்கள்

நாட்குறிப்புக்கு முன் பார்த்தவற்றையும் சேர்த்தால் மார்த்தா பார்த்த பிரசவங்கள் ஆயிரத்தை ஒட்டும். பிள்ளை வெளிவரும் வேளையில் ஒரு தாய்கூட அவர் கையில் இறக்கவில்லை. அதற்குப் பின் வந்த நாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். ஏறத்தாழ 198 பிறப்புக்கு ஒரு தாய். 1930இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் கணக்கெடுத்தால் 150 பிறப்புக்கு ஒரு தாய் இறந்துகொண்டிருந்தார். மார்த்தா இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது, மயக்கமருந்து வந்திருந்தது, கிருமிகளைப் பற்றிய அறிவு வந்திருந்தது.

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. பேறுகால ஆஸ்பத்திரிகளில் பிரசவ ஜன்னி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு மருத்துவர் கையாலேயே போனது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கைகழுவச் சொன்ன பிறகுதான் அது உறைத்தது, அப்போதும் பலர் ஏற்கவில்லை. மார்த்தாவோ ஒவ்வொரு வீடாகப் போனார். இரண்டு பிரசவத்துக்கு நடுவே பொதுவாக நாட்கள் இருந்தன, ஆறும் குளிரும் இருந்தன. ஆனாலும் செங்காய்ச்சல் மாதத்தில்தான் கிளேட்டன் வீட்டுத் தாய் இறந்தாள் என்பதை மறக்கக்கூடாது; நோயாளி வீட்டுக்கும் பிரசவ வீட்டுக்கும் ஒரே கைதான் போய்வந்தது. அவர் அறிவியலுக்கு முதுகு காட்டியவரும் அல்ல. மருத்துவர்கள் பிணத்தை அறுத்து ஆராய்ந்தபோது அழைப்பின்பேரில் அருகில் நின்று பார்த்துக் குறித்திருக்கிறார்.

ஊருக்கு 1791இல் வந்த இளம் மருத்துவர் பெஞ்சமின் பேஜ் பிரசவமும் பார்க்கத் தொடங்கினார். 1793இல் ஒரு தலைப்பிரசவத்தில், வலி ஒழுங்காக வந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் இருபது சொட்டு அபினிக் கரைசல் கொடுத்துவிட்டார். பெண் மயங்கிக் கிடந்தாள், வலி நின்றுபோனது. மாலையில் வாந்தி எடுத்த பிறகே வலி திரும்பியது. மார்த்தா கையில் ஆண்குழந்தை பிறந்தது. 1798இல் அதே மருத்துவர் பார்த்த வேறொரு பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறந்தது, கைகால் மூட்டுகள் பிசகியிருந்தன. அதை எழுதும்போது மார்த்தாவின் கோபம் தெரிகிறது. பேஜ் பிற்காலத்தில் நல்ல பெயர் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குப் படிப்பு இருந்தது. பொறுமை இன்னும் வரவில்லை.

நிலமும் சிறையும்

எஃப்ரேம் கென்னபெக் பகுதியின் பெருநில உடைமையாளர்களுக்காக அளவைவேலை செய்தார். காட்டை வெட்டிப் பயிரிட்டுக்கொண்டிருந்த ஏழைக் குடியேறிகளிடம் பட்டா இல்லை. அளவைச் சங்கிலியோடு வருகிற ஆளை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1795இல் அவருடைய குழுவைத் தாக்கிக் கருவிகளைப் பறித்துக்கொண்டார்கள். இரு தரப்பு வீடுகளிலும் பிரசவம் பார்த்தவர் அவருடைய மனைவி. குடியேறிகளின் சினம் எனக்குப் புரிகிறது. அவர்கள் உழுத நிலம் அது. இரவில் கணவர் திரும்பக் காத்திருந்த மார்த்தாவின் அச்சமும் புரிகிறது.

அடுத்த அடி 1804இல் விழுந்தது. எஃப்ரேம் வரி வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவர்; வசூலிக்க வேண்டிய பணத்தைச் செலுத்த முடியாததால் கடன் சிறைக்குப் போனார். எழுபத்தொன்பதை நெருங்கிய கிழவர் 1805 வசந்தம் வரை அங்கே இருந்தார். இங்கே மார்த்தாவுக்கு விறகு வெட்டித் தர ஆள் இல்லை. மெய்னின் குளிரில் விறகு இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? வேலியை உடைத்து எரிக்கும் நிலை வந்தது. பிறகு ஜோனதனும் சாலியும் பிள்ளைகளும் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். ஐம்பது ஆண்டு அடுப்படியை ஆண்டவருக்கு ஒரு அறை மிஞ்சியது. முன்கோபக்கார மகன், பெரிய குடும்பம், நாள்தோறும் உரசல். இந்தக் காலத்தில் அவர் பார்த்த பிரசவங்கள் வெகுவாகக் குறைந்துபோயின. மூப்பு ஒரு காரணம்தான். கதவைத் தட்டியதும் புறப்பட வழிவிட்ட வீடு இல்லாமல் போனதே பெரிய காரணம் என்பேன்.

அப்படியும் அவர் நிறுத்தவில்லை. கடைசியாகக் குறித்த பிரசவம் 1812 ஏப்ரல் 26. கடைசிப் பதிவு மே 7: குளிர், காற்று, மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள், பாதிரியார் வந்து ஜெபித்தார். சில வாரங்களில், 77 வயதில் இறந்தார். எஃப்ரேம் 1821 வரை வாழ்ந்தார்.

ஆவணத்தின் எல்லை

நாட்குறிப்பு டாலியின் வழியாகக் குடும்பத்திலேயே இருந்தது. பின்னாளில் அது மேரி ஹோபார்ட் என்ற எள்ளுப்பேத்தியிடம் வந்தது. அவர் 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்கு அதைக் கொடுத்தார். அதற்கு முன், ஹாலோவெல்லிலிருந்து பிரிந்து உருவான அகஸ்டா நகரின் வரலாற்றை 1870இல் எழுதிய ஜேம்ஸ் நார்த் இதைப் படித்தார்; சிலவற்றைத் தவிர மற்றவை பொதுவாக ஆர்வம் தருவன அல்ல என்று ஒதுக்கினார். நூற்பும் நடவும் பிரசவமும் நாள் தவறாமல் திரும்பத் திரும்ப வருவதுதான் அவருக்குக் குறையாகப் பட்டது. தாய்மார்களின் சாவை எண்ணவும், மகள்கள் போன ஆண்டைத் தொழில் தளர்ந்த ஆண்டோடு பொருத்திப் பார்க்கவும் முடிந்தது அந்தத் திரும்பத் திரும்ப வரும் வரிகளால்தான்.

இந்த ஆய்வை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு எல்லை உண்டு. அதே ஆற்றங்கரையில் வேறு மருத்துவச்சிகளும் இருந்தார்கள்; மார்த்தா போய்ச் சேருவதற்குள் அவர்களில் ஒருவர் பிள்ளையை எடுத்துவிட்டதாகவும் சில பதிவுகள் உண்டு. அவர்கள் நாட்குறிப்பு விட்டுச்செல்லவில்லை. ஆகவே 198க்கு ஒன்று என்பது மார்த்தாவின் எண். ஹாலோவெல் பெண்கள் அனைவரின் எண்ணும் அல்ல. ஆறு உறைந்தும் உறையாமலும் இருந்த வாரங்களில் யாரையும் அழைக்க முடியாமல் போன வீடுகளும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.